பெயர்ப் பலகையில் என் பெயர் வேண்டாம்

வளசரவாக்கம், சென்னை
ஐப்பசி, 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்கத் திருக்கேதீச்சரத்தானை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டால் நீ கார் ஓட்டிக்கொண்டே கேட்பாய், பாதியில் வேறு யாராவது கூப்பிடுவார்கள். தங்கச்சியிடம் கொடுத்து எழுதச் சொன்னால் அவளுக்கும் தெரிந்துவிடும். அதனால் பழையபடி தாளில். நேற்றுத் தபாலாபீசுக்குப் போய் விசாரித்தேன். "கனடாவுக்கா, கடிதமா?" என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் கேட்டாள். ஓம், கடிதம்தான் என்றேன்.

பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? போன தரம் வந்தபோது பெட்டியில் பத்து நாள் மாத்திரை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். உன் அப்பாவின் வீட்டில் எல்லோருக்கும் இது உண்டு. சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். காலைத் தேத்தண்ணியோடு சேர்த்துப் போட்டுவிடு, மறக்காது.

நீ கதைத்து 24 நாள் ஆகிறது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே, காலண்டர் அடுப்புக்கு எதிரே தொங்குகிறது, கண்ணில் படுகிறது. மருமகள் பிள்ளைகளின் படம் அனுப்பினாள். "அவர் பிஸி மாமி" என்று எழுதியிருந்தாள். சரி. பிஸி என்றால் பிஸிதான். 200 பேருக்குச் சம்பளம் போடுகிறவனுக்கு வேலை இருக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமை "நான் யாருக்காகத்தான் அம்மா இதெல்லாம் செய்கிறேன்?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்தாயே, அதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

உன் பேச்சை நான் ஆறு தரம் பார்த்துவிட்டேன். கீழ்வீட்டுப் பெண் தன் டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். அந்த நீலக் கோட்டு உனக்கு வடிவாக இருக்கிறது. இஸ்திரி போடுகிறவர்கூடப் பார்த்துவிட்டு, "நம்ம பாட்டி பையனா, பெயிண்டரா இருந்தவரா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை இல்லாமல் வந்து சோற்றில் கை வைக்க முடியாமல் அழுத பிள்ளை நீ. ரொறன்ரோவில் மற்றவனின் வேனில் வாளி தூக்கப் போய், பிறகு சொந்த வேன், பிறகு எட்டு வேன். சிரியாக்காரர்கள் வந்த வருஷம் ஆங்கிலம் தெரியாதவர்களைக் கூப்பிட்டு பட்டி பூசக் கற்றுக்கொடுத்தாய். "சுவருக்குப் பாஷை தேவையில்லை" என்று அப்பா சொன்னதை நீ அங்கே சொன்னதாக மருமகள் சொன்னாள். அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நம் ஆட்கள் 155 பேரைப் பற்றிச் சொன்னாய். அவர்களைத் தூக்கி எடுத்த மீன்பிடிக் கப்பல் தலைவர் கஸ் டால்டனின் பெயரைச் சொல்லி, எழுந்து நின்று கைதட்டச் சொன்னாய். நல்லது, சொல்ல வேண்டிய பெயர்தான். அந்தப் படகில் நீ இல்லை ராசா. நீ வந்த படகு மன்னார்ப் பேசாலையிலிருந்து வந்தது. அதை ஓட்டியவரின் பெயரை நீ சொல்லவில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயது, மறந்திருப்பாய். மறந்திருந்தால் அது என் குற்றம், நான்தான் அவரைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மோட்டார் ஒரு நாள் ஓடவில்லை, சரி செய்தாயிற்று. தங்கச்சியின் மூத்தவன் கணக்கில் 97 எடுத்திருக்கிறான். உன் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலாவது தமிழ் எழுதச் சொல்லிக்கொடு. சின்னவள் போனில் "ஹாய் அப்பம்மா" என்கிறாள், அதற்குப் பிறகு அவளுக்கும் எனக்கும் கதைக்க வார்த்தை இல்லை.

நீ அனுப்பிய அந்தத் தயிர்க்காரரின் கதையைக் கீழ்வீட்டுப் பெண் எனக்கு வாசித்துச் சொன்னாள். ஹம்தி உலுகாயா. துருக்கி மலையில் ஆடு வளர்த்த குர்திஷ் குடும்பத்துப் பையன், 1994இல் அமெரிக்கா போனவர். 2005இல் மூடிப்போன பழைய தயிர்த் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, இரண்டு வருஷம் கழித்துச் சந்தைக்கு வந்து, இன்று அகதிகளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய பெரிய கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் தொழிலாளிகளுக்கே கம்பெனியில் பங்கு கொடுத்தாராம். நீயும் அப்படிச் செய்யப் பார்க்கிறாய் என்று விளங்குகிறது. எனக்கு அதில் பிடித்தது வேறு. தகப்பனார் அவரைப் பார்க்க அமெரிக்கா போனபோது, இங்கே கிடைக்கிற பாலாடைக்கட்டி நன்றாக இல்லை, நீயே செய்தால் என்ன என்று குறைப்பட்டாராம். தொழில் அதிலிருந்துதான் தொடங்கியதாம். அங்கே தகப்பன் குறை சொன்னால் தொழிற்சாலை வருகிறது. இங்கே தாய் ஒன்று சொன்னால் 24 நாள் போன் இல்லை.

கோபப்படாதே. சிரிப்பதற்குத்தான் எழுதினேன்.

சரி, படிப்பக விஷயத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி முகாமில் நீ கட்டித் தருகிற படிப்பகம் நல்ல காரியம். நீ படித்தது தெருவிளக்கிலும், 1984இல் சந்திரகாசன் ஐயா தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் நடத்திய மாலை வகுப்பிலும்தான். இன்றைக்கும் அந்தப் பத்துக்குப் பத்து வீட்டில் டிவி ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம், பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அதனால் கட்டு. கம்ப்யூட்டர் வை, மின்விசிறி வை. பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கழிப்பறை வைக்க மறந்துவிடாதே, ஆண்கள் கட்டுகிற கட்டிடத்தில் அதுதான் எப்போதும் விடுபடும். ஆனால் பெயர்ப் பலகையில் என் பெயர் வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு வைத்திருக்கிற விழாவுக்கும் நான் வரவில்லை.

முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் கும்மிடிப்பூண்டிக்குப் போக முடியாத அளவுக்கு இல்லை. போன நத்தார்ப் பண்டிகைக்குக்கூடப் போய் வந்தேன்.

இன்னொன்றும் உன் மனதில் இருக்கும். பேசாலையக்காவின் பேத்திக்கு உதவித்தொகை கேட்டபோது நீ முடியாது என்றாய். 85 சதவீதம் வேண்டும், அவளுக்கு 81தான், "சிபாரிசு செய்யாதீங்க அம்மா, எல்லோருக்கும் ஒரே விதி" என்றாய். அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அடித்தால் என்ன என்றும் இருந்தது. அந்த நான்கு மதிப்பெண்ணுக்காக அம்மா விழாவைப் புறக்கணிக்கிறாள் என்று நினைத்திருப்பாய். அதுவும் இல்லை.

நீ சனிக்கிழமை என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "முகாமில் மூத்தவர் ஒருவர் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவார், பேசாலைப் பெரியம்மாவையே கேட்டிருக்கிறோம், அவங்களுக்கும் சந்தோஷம்" என்றாய். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு முழங்கால் வலித்தது.

இதை எங்கே தொடங்குவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். தாளைக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன். இடையில் ஒன்று: இரவில் பனியில் கார் ஓட்டாதே. போன வருஷம் சறுக்கியதை மருமகள் எனக்குச் சொல்லவில்லை, உன் மகன்தான் படம் போட்டுக் காட்டினான். மாத்திரையும்.

1990 ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கியதும் அடம்பனிலிருந்து நாங்கள் புறப்பட்டது உனக்குத் தெரியும். மடுக்கோயிலில் சில நாள், பிறகு பேசாலை. பேசாலையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. படகுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. தலைக்கு இவ்வளவு என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் தன் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தவர் உன்னைப் பார்த்தார். நீ காய்ச்சலில் அப்பாவின் தோளில் கிடந்தாய். "ஏறுங்கோ, பிறகு பார்ப்பம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பிறகு வரவே இல்லை. விடியமுன் எங்களை தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் ஒரு மணல் திட்டில் இறக்கினார். இடுப்பளவு தண்ணீர். உன்னைத் தலைக்கு மேல் தூக்கி என் கையில் தந்தவர் அவர்தான். மனைவியிடம், "அடுத்த பயணத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அந்த மனைவிதான் பேசாலையக்கா.

மண்டபம் முகாமில் பதிந்தபோதும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை வெள்ளைக்காரன் காலத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்த அதே இடம், நாங்கள் எதிர்த் திசையில் வந்து நின்றோம் என்று அப்பா சொல்வார். கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸில் ஏற்றினபோது அக்காவும் அதே பஸ். நடுவில் ஒரு தார்ச் சீட்டுத் தடுப்பு, அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நீ அவள் கையால்தான் மீன்சொதி சாப்பிடப் பழகினாய்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு முகாமின் நிலை மாறியதெல்லாம் உனக்குத் தெரியும். 1992இலிருந்து 95 வரை 50,000 பேருக்கு மேல் திரும்பிப் போனார்கள். 94இல் அக்காவும் பெயர் கொடுத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரைத் தேடத்தான் போனாள். போவதற்கு முதல் நாள் இரவு ஒரு சிவப்புத் துணிப் பொட்டலத்தை என்னிடம் தந்தாள். ஆறு காப்பும் ஒரு சங்கிலியும் ஒரு சோடி தோடும். எல்லாம் 11 பவுன். வழியில் சோதனை, கொண்டுபோக முடியாது. "நான் வந்தால் என்னட்டத் தா. வராட்டி பிள்ளையளில ஒன்று எப்பவாவது வரும்" என்றாள்.

நான் அதை ஆங்கர் பால்மா டின்னுக்குள் வைத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததே, அந்த டின். என்னுடைய தாலிக்கொடியும் அதற்குள்தான் இருந்தது. அப்பா போன பிறகு, 98இல் கழற்றி, அவருடைய கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். அவர் விழுந்த அந்தக் கட்டிடச் சாரத்தைப் பற்றி நீயும் எங்கும் கதைப்பதில்லை, நானும் கதைக்கவில்லை. அவருக்கு வந்த காசில்தான் உன் பயணத்துக்கு முதல் தவணை கட்டினோம்.

ஏஜென்சிக்காரனுக்கு மூன்று லட்சம். லண்டன் மாமா அனுப்பியது பாதி, சீட்டு எடுத்தது, அப்பாவின் காசு, எல்லாம் போட்டும் 35,000 குறைந்தது. திங்கட்கிழமை வந்து சொன்னான், புதன்கிழமைக்குள் தராவிட்டால் வேறு பையனை அனுப்புவேன் என்று. நீ பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தாய். உன் அப்பா விழுந்த அதே மாதிரி ஒரு கட்டிடத்தில்.

செவ்வாய்க்கிழமை டின்னைத் திறந்தேன். இரண்டு பொட்டலம். ஒன்று சிவப்புத் துணி, ஒன்று கைக்குட்டை. எவ்வளவு நேரம் அப்படியே குந்திக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது.

சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

சௌகார்பேட்டையில் ஒரு சின்னக் கடை. அவர் காப்பை உரைகல்லில் இழுத்துப் பார்த்து, "சிலோன் நகை, நல்ல நகை" என்றார். பிறகு ஒன்றைக் கத்திரியால் வெட்டினார், உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க. அது லேசில் வெட்டுப்படவில்லை, வளைந்து வளைந்து கொடுத்தது. வெட்டுப்பட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. பவுனுக்கு 3,200 வீதம் 35,200 ரூபாய் தந்தார். 200 ரூபாயில் உனக்குச் சப்பாத்து வாங்கினேன். கறுப்புச் சப்பாத்து, கனடா போய் இறங்கும்போது நீ போட்டிருந்தாயே.

நீ அந்த மேடையில் "என் முதல் முதலீடு என் அம்மாவின் தாலிக்கொடி" என்று சொன்னாய். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம்பி, என் தாலிக்கொடி என் பீரோவில் இருக்கிறது. ஒன்பது பவுன். அப்பாவின் கைக்குட்டையில் சுற்றியபடியே இருக்கிறது. நான் விற்றேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. என் கழுத்து வெறுமையாக இருந்தது, நீயாகவே அப்படி நினைத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. 26 வருஷம்.

அப்பா செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை, அதை விற்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அக்கா இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று மட்டும் எழுதினால் அதுவும் பொய். வராமல் இருந்தால் நல்லது என்றும் எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது, சில வருஷம்.

2006இல் திரும்பச் சனம் ராமேஸ்வரத்துக்கு வரத் தொடங்கியது. ஆவணி மாதம், தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கிறேன், அக்கா நடந்து வருகிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட ஒரு மகள் மட்டும். மற்றவளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டாள். மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும் என்று.

2005 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது டின்னோடு போய்விட்டது அக்கா என்றேன். அந்த வருஷம் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் வந்தது, யாரும் சந்தேகப்பட இடம் இல்லை. வாயில் தானாக வந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. அவள் வந்த அன்றிரவே படுத்துக்கொண்டு யோசித்து வைத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் உயிர் தப்பினீங்களே, அது காணும்" என்றாள்.

நீ அப்போது மாதம் 200 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தாய். நான் நினைத்திருந்தால் இரண்டு வருஷத்தில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வெள்ளம் பொய்யாகிவிடும். அதனால் வேறு எல்லாம் கொடுத்தேன். நத்தாருக்குச் சேலை, அவள் கண் ஆபரேஷனுக்குப் போய்வர ஆட்டோக் காசு, உன் பெட்டியில் வருகிற சாக்லேட். ஒவ்வொரு தரமும் அவள் என்னை வாழ்த்துவாள். "உன்ர கைக்கு ஒரு குறையும் வராது" என்பாள். நான் வளசரவாக்கத்துக்கு வீடு மாறியதற்கு, தங்கச்சியின் வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அந்தத் தடுப்புச் சுவர். அவள் இருமுவது கேட்டது.

அவளுடைய மகளுக்கு நகை இல்லாமல்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையும் முகாம் பையன், பெயிண்ட் வேலை. அவர்களுடைய பிள்ளைதான் உன் விதியில் நான்கு மதிப்பெண் குறைந்தவள்.

இப்போது விளங்குகிறதா, அந்தப் பலகையில் என் பெயர் ஏன் வேண்டாம் என்று? அக்கா தினமும் அதைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போவாள். அவள் கையால் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். அது என் தோளில் விழுகிற நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நீ இதை வாசித்ததும் என்ன செய்வாய் என்று மட்டும் எனக்குத் தெரியும். உடனே காசு அனுப்புவாய். கமிட்டிக்குப் போன் போட்டு அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது ஒழுங்கு செய்யச் சொல்வாய். செய்யாதே. நீ கொடுத்தால் அக்கா அதை உன் தருமம் என்று வாங்கிக்கொண்டு உன்னையும் வாழ்த்துவாள். அவளுடைய காசை அவளுக்கே தருமமாகக் கொடுப்பதா? உன் விதி உன் விதியாக இருக்கட்டும். முகாமில் 81 எடுத்த வேறு பிள்ளைகளும் இருக்கும், அவர்களுக்கு 11 பவுன் யாரும் கடன்பட்டிருக்க மாட்டார்கள்.

(ஆனால் 85 கொஞ்சம் கூடத்தான். ஏழு பேர் படுக்கிற வீட்டில் 81 எடுப்பது எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா? இதை அக்காவுக்காகச் சொல்லவில்லை.)

பவுன் தீபாவளிக்கு முன்பே 90,000த்தைத் தாண்டிவிட்டது. 11 பவுன் என்றால் ஏறக்குறைய பத்து லட்சம். என் தாலிக்கொடி ஒன்பது. நீ என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சங்கிலி இரண்டு. கணக்குச் சரியாக வருகிறது. அந்தச் சங்கிலியை எடுக்கலாமா என்று உன்னைக் கேட்கவில்லை, எடுக்கிறேன் என்று சொல்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை போகிறேன். சென்ட்ரலில் இருந்து காலை ரயில், கூட்டம் குறைந்த பிறகு. தங்கச்சியிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், திரும்பி வந்து அவளுக்கும் சொல்கிறேன். முகாமுக்குப் பெயர் மாறி நாலு வருஷம் ஆகிறது, 2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டோக்காரர் இன்னும் "சிலோன் கேம்ப்பா?" என்றுதான் கேட்பார். இறங்கி அக்காவின் வீடு வரைக்கும் நடக்க ஐந்து நிமிஷம். எனக்குக் கூட ஆகும்.

நீ மேடையில் சொன்னதைத் திருத்திச் சொல் என்று நான் கேட்க முடியாது. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், பத்திரிகையிலும் வந்துவிட்டது. ஆனால் இனி ஒரு மேடையில் அந்தத் தாலிக்கொடியைச் சொல்லாதே ராசா. படகுக்காரரின் பெயர் வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்டு அனுப்புகிறேன். எனக்கு அது தெரியும். ஆனால் அவளிடம் கேட்டுத்தான் தர வேண்டும்.

என்னோடு கோபமென்றால் போனில் வந்து கோபப்படு. நான் எடுப்பேன். இரவானாலும் எடுப்பேன், உங்கள் பகல் எனக்கு இரவுதானே. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மாத்திரை காலையில், தேத்தண்ணியோடு.

அக்கா என்ன சொன்னாள் என்று வியாழக்கிழமை இரவே எழுதுகிறேன். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா